பென்னி லாவா: ஒரு சிரிப்பின் அரசியல்

பழைய இணைய வீடியோக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘அப்பல்லாம் நெட் எவ்வளவு நல்லா இருந்துச்சு’ என்று யாராவது பெருமூச்சு விடுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டுமென்று நமக்காகக் கணக்குப் போடும் இயந்திரம் இல்லை. எவனோ தன் அறையில் உட்கார்ந்து விளையாட்டாகச் செய்ததை மின்னஞ்சலில் கைமாற்றிக்கொண்டோம். இந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் ஏக்கமும் ஒரு கதையாடல்தான். சிலவற்றைச் சொல்வதன் மூலம் சிலவற்றை மறைப்பது.

நான் அதிகம் பகிர்ந்த வீடியோ ‘பென்னி லாவா’. ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ (2000) படத்தில் பிரபுதேவா ஆடும் ‘கல்லூரி வானில்’ பாடல்தான் அது. 2007இல் பஃபலாக்ஸ் என்ற பெயரில் இயங்கிய அமெரிக்கர் ஒருவர், தமிழறியாத காதுக்கு அது எந்த ஆங்கிலச் சொற்களாக ஒலிக்குமோ அவற்றையே சப்டைட்டிலாகப் போட்டு யூடியூபில் ஏற்றினார். ‘நிலாவோ’ ‘லாவா’ ஆயிற்று. இப்படிச் செய்வதற்குப் ‘பஃபலாக்ஸ்’ என்றே ஒரு வினைச்சொல்லும் வந்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? தெரியாத மொழியைக் காது வெறும் ஓசையாக விட்டுவைப்பதில்லை. தனக்குத் தெரிந்த சொற்களைத் தேடுகிறது. கண்முன் எழுத்து இருந்தால் அதற்குப் பணிந்துவிடுகிறது. குறிப்பான் அப்படியே இருக்க, குறிப்பீடு கழன்று வேறொன்று மாட்டப்படுகிறது. தமிழ் எனக்குத் தாய்மொழி. ஆனாலும் மூன்றாம் முறை பார்த்தபோது எனக்கும் ஆங்கிலம்தான் கேட்டது! குரலின்மேல் எழுத்து செலுத்தும் அதிகாரத்தை இதைவிடத் தெளிவாக நான் அனுபவித்ததில்லை.

இது தனி நிகழ்வல்ல. 2000வாக்கில் லெபனான் பாடகர் அசார் ஹபீபின் அரபுப் பாடலை ஸ்வீடிஷ் மொழியாகக் கேட்டு ஒரு ஃப்ளாஷ் படம் செய்தார்கள். 2001இல் பரவிய ‘ஆல் யுவர் பேஸ்’, ஜப்பானிய வீடியோ விளையாட்டொன்றின் தப்பும் தவறுமான ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தது. நாம் ஏங்கும் அந்த ‘வெகுளியான’ இணையத்தின் சிரிப்பில் ஒரு பெரும்பங்கு, பிறர் மொழி அர்த்தமற்ற சத்தமாக ஆவதிலிருந்து கிடைத்தது. அங்கே யார் கேட்பவர், யார் கேட்கப்படுபவர் என்பது முன்பே தீர்மானமாகியிருந்தது.

சரி, நாம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களா? அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் சினிமா நகைச்சுவையில் நரிக்குறவர் பேச்சு என்னவாக வந்தது? அவர்களுக்கு வாக்ரிபோலி என்றொரு மொழி இருக்கிறது. அதில் தாலாட்டும் துக்கமும் உண்டு. நாம் அதை வேடிக்கைச் சத்தமாக்கித் தியேட்டரில் விசிலடித்தோம். சப்டைட்டில்கூட நமக்குத் தேவைப்படவில்லை.

2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. அந்தப் படங்களை மீட்டுச் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல காரியம்தான். படத்தோடு சேர்த்து, அதில் யாருடைய குரல் சத்தமாக்கப்பட்டது என்பதையும் பதிந்து வைக்க வேண்டும். ‘பென்னி லாவா’வை இப்போதும் அனுப்புகிறேன், சிரிக்கவும் செய்கிறேன். கூடவே, அந்தப் பாட்டு உண்மையில் என்ன சொல்கிறது என்பதையும் எழுதி அனுப்புகிறேன்.