டி.வி.டி. இறுவட்டில் ஒலியும் காட்சியும்: விலகலும் திருத்தமும்

கூத்து, நாடகம், திரைப்படம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றை ஆராய்வோருக்கு ஒளிப்பதிவும் ஏட்டுச்சுவடியை ஒத்த மூலாதாரமாகும். அப்பதிவுகள் வீடியோ நாடாவிலிருந்து கணனிக் கோப்பாகவும், கோப்பிலிருந்து டி.வி.டி. இறுவட்டாகவும் மாற்றப்படுகையில் ஒலியும் காட்சியும் தம்முள் விலகிவிடுவதுண்டு. ஆடுவோரின் காலடி மத்தளத்தின் அடியுடன் பொருந்தாத ஒரு பிரதியைக் கொண்டு கூத்தின் தாளக்கட்டினை ஆராய முற்படுபவர் பிழையான முடிவுக்கே வருவார். எனவே இச்சிக்கலைத் தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரியதெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இயற்கையில் ஒளி முந்தியும் ஒலி பிந்தியும் வருதலே வழமை. மின்னலைக் கண்ட பின்னரே இடியைக் கேட்கிறோம். பிந்திய ஒலியைப் பொறுத்துக்கொள்ளும் அளவிற்கு முந்திய ஒலியை நாம் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998 ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி ஏறத்தாழ 45 மில்லிசெக்கன் முந்தினாலே அது புலப்படத் தொடங்கும். பிந்துமாயின் 125 மில்லிசெக்கன் வரை புலப்படாது.

விலகல் இருவகைப்படும். முதலிலிருந்து இறுதிவரை ஒரே அளவாக நிற்பது ஒன்று. நேரஞ் செல்லச் செல்ல வளர்வது மற்றொன்று. எது நேர்ந்துள்ளது என அறியாது திருத்த முற்படுதல் வீண் உழைப்பாகும். பகரமும் மகரமும் இரு இதழ்களும் பொருந்துவதாற் பிறப்பன என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். அண்மைக் காட்சியில் ஒருவர் அவ்வெழுத்துக்களை உச்சரிக்கும் இடங்களைத் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் தெரிந்து, இதழசைவையும் ஒலியையும் ஒப்பிடுவோமாயின் விலகலின் இயல்பு தெளிவாகும்.

மூவிடத்தும் விலகல் சமமாயின், காட்சியையும் ஒலியையும் இணைக்கும்போது அந்த மில்லிசெக்கன் அளவிற்கு ஒலியை முன்னோ பின்னோ நகர்த்துதல் போதும். வளரும் விலகலுக்கோ காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

முதற் காரணம் ஒலியின் மாதிரியெடுப்பு வீதம். இசை இறுவட்டுக்கு அது செக்கனுக்கு 44,100, டி.வி.டி.க்கு வழமையாக 48,000. முன்னையது பின்னையதெனத் தவறாக வாசிக்கப்பட்டால் ஒரு மணிநேர ஒலி ஏறத்தாழ 55 நிமிடங்களில் முடிவதோடு சுருதியும் உயரும். ஒலியை முறைப்படி 48,000 ஆக மாற்றியமைப்பதே இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது காரணம் காட்சியின் வேகம். திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகங்களைக் கொண்டது. இலங்கையும் இந்தியாவும் கைக்கொண்ட 'பால்' தொலைக்காட்சி முறையோ 25 சட்டகங்களைக் கொண்டது. 150 நிமிடத் திரைப்படம் இம்முறைக்கு விரைவுபடுத்தப்பட்டால் 144 நிமிடங்களாகும். ஒலி மட்டும் பழைய வேகத்திலேயே விடப்படின் இறுதியில் 6 நிமிட வேறுபாடு தோன்றும். ஒலியையும் உடன் விரைவுபடுத்தினால் விலகல் நீங்கும். ஆயினும் சுருதி அரைச்சுரத்தின் பத்தில் ஏழு பங்களவு உயர்ந்துவிடும். அத்தகைய இறுவட்டிலிருந்து ஒரு பாடகரின் சுருதியை நிர்ணயிக்கும் இசையாய்வாளர் ஏமாறுவார். சுருதி மாறாது கால அளவை மட்டும் சுருக்கும் மென்பொருள்கள் இங்கு பயன்படும்.

மூன்றாவது, பழுதடைந்த நாடாவைக் கணனியிற் பதிகையில் சட்டகங்கள் தவறிப்போதல். 'பால்' முறையில் ஒரு சட்டகம் 40 மில்லிசெக்கன்; 25 சட்டகங்கள் தவறினால் காட்சி ஒரு செக்கன் முந்திவிடும். இவ்விலகல் சீராக வளராது படிப்படியாகத் தாவும். ஒலி முழுவதையும் சுருக்குதல் இங்கு தவறு. தாவல் நிகழ்ந்த இடத்தைக் கண்டு அங்கேயே சரிசெய்தல் வேண்டும். கைத்தொலைபேசிப் பதிவுகளிற் சட்டக வேகம் மாறிக்கொண்டே இருப்பதுண்டாகையால் அவற்றை முதலில் நிலையான வேகத்திற்கு மாற்றுதல் அவசியம்.

முடிந்த இறுவட்டை வேறொரு தொலைக்காட்சியிலும் இட்டுப் பார்த்தல் நன்று. ஒரு தொலைக்காட்சியில் எல்லா இறுவட்டுக்களும் ஒரே அளவாக விலகுமாயின் குறை அக்கருவியினுடையதே.

வீடியோ நாடாக் கருவிகளைத் தொடர்ந்து தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனமும் 2016 இல் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாக்களோ நாளுக்குநாள் நலிகின்றன. இந்நிலையில் இன்று எடுக்கப்படும் பிரதியே பலவற்றுக்கு இறுதிப் பிரதியாகக்கூடும். ஆதலால் திருத்தப்படாத மூலக்கோப்பைப் பேணுதலும், செய்த திருத்தம் யாது, எவ்வளவு என்பதை இறுவட்டுடன் எழுதிவைத்தலும் இன்றியமையாதன. பாடபேதத்தைக் குறிக்காது சுவடியைப் பதிப்பித்தல் எத்துணைக் குறையுடையதோ, அத்துணைக் குறையுடையதே திருத்தத்தை மறைத்த ஒளிப்பதிவும்.