ஆபத்தைச் சொன்ன பாண்டு இசை

1944-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. அமெரிக்காவில் ஹார்ட்போர்டு என்ற நகரம். சர்க்கஸ் கூடாரத்தில் பகல் ஆட்டம். தாய்மார்களும் குழந்தைகளுமாகப் பல ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள்.

உயரத்தில் கம்பி மேல் நடக்கும் வித்தை தொடங்கியது. பாண்டு கோஷ்டியின் தலைவர் மெர்ல் எவன்ஸ் கூடாரத் துணியைப் பார்த்தார். தீ!

உடனே மெட்டை மாற்றச் சொன்னார். ராணுவ நடை இசை ஒன்று முழங்கியது. சர்க்கஸ்காரர்கள் திடுக்கிட்டார்கள்.

"ஆபத்து! ஜனங்களை வெளியேற்றுங்கள்!" என்பதுதான் அதன் பொருள். இந்த ரகசியம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். ஜனங்கள் மிரண்டு ஓடி மிதிபடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

மழைநீர் இறங்காமல் இருக்க, மெழுகைப் பெட்ரோலில் கரைத்துத் துணியில் பூசியிருந்தார்கள். ஆகவே தீ மளமளவென்று பரவியது. சுமார் 10 நிமிடத்தில் கூடாரமே விழுந்துவிட்டது. 160-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். ஆயிரக்கணக்கானவர்கள் தப்பினார்கள். அனல் நெருங்கும் வரை பாண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை.

ஓட நினைத்த பையன்

அந்த இசையை அமைத்தவர் ஜான் பிலிப் சூசா. 1854-ல் வாஷிங்டனில் பிறந்தவர். 13 வயதில் ஒரு சர்க்கஸ் பாண்டில் சேர, வீட்டைவிட்டு ஓட நினைத்தார். தந்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கடற்படை வீரர்களின் பாண்டில் வாத்தியக்காரர். மகனையும் அங்கேயே சேர்த்துவிட்டார். 1880-ல் மகன் அந்தப் பாண்டுக்கே தலைவர் ஆனார்!

கப்பலில் பிறந்தது

1896-ல் சூசா ஐரோப்பாவில் இருந்தார். தம் மானேஜர் இறந்த செய்தி கேட்டுக் கப்பல் ஏறினார். மேல்தளத்தில் உலாவியபோது, மனதுக்குள் ஒரு பாண்டு ஓயாமல் ஒலித்ததாம். ஊர் திரும்பியதும் அதைக் காகிதத்தில் எழுதினார். நாட்டின் கொடியைப் போற்றி, 'நட்சத்திரங்களும் கோடுகளும் என்றென்றும்' என்று பெயர் வைத்தார்.

1932-ல் 77-வது வயதில் ரெடிங் நகருக்குப் போனார். ஒத்திகையில் கடைசியாக அவர் நடத்தியது இதே இசைதான். அன்று இரவே காலமானார்.

1987-ல் இது அமெரிக்காவின் தேசிய நடை இசை என்று சட்டம் ஆயிற்று. ஜூலை 4-ந் தேதி சுதந்திர தினத்தில் ஊர்தோறும் முழங்கும். கடைசியில் பிக்கோலோ என்ற குட்டிப் புல்லாங்குழல் வாசிப்பவர்கள் மேடையின் முன்னால் வந்து நிற்பார்கள். கூட்டம் தாளம் போடும்.

1944-ம் ஆண்டிலும் ஜூலை 4-ந் தேதி அது கொண்டாட்ட இசைதான். இரண்டே நாள் கழித்து அதுவே அபாய மணி ஆயிற்று.