பதினோராம் மணி வேளை



ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, தாய் ஒருவர் தம் மகனின் கையைப் பற்றியவாறு காத்து நின்றார். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடித்து வாழும் குடும்பம் அவர்களுடையது. ஆங்கிலத் தேர்வில் ‘அட் தி இலெவன்த் அவர்’ என்னும் தொடருக்குச் சிறுவன் ‘பதினொரு மணிக்கு’ என்று பொருள் எழுதி மதிப்பெண் இழந்திருந்தான். “எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க சாமி. நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்?” என்று அத்தாய் கண் கலங்கினார்.

திராட்சைத் தோட்டக் கூலியாள்களின் உவமையைச் சொல்லுமாறு சிறுவனைக் கேட்டோம். மறைக்கல்வியில் கற்றதைத் தடையின்றிச் சொன்னான். யூதர் பகற்பொழுதைச் சூரிய உதயம் முதல் பன்னிரண்டு பங்காக எண்ணினர். அக்கணக்கில் பதினோராம் மணி என்பது நமக்கு மாலை 5 மணி. பொழுது சாய ஒரு மணி நேரமே எஞ்சிய வேளை. “அப்போ கடைசி நேரத்துலேன்னு அர்த்தமுங்களா?” என்றார் தாய். ஆங்கிலம் அறியாத அவரே பொருளைக் கண்டுகொண்டார்!

ஆங்கில மரபுத் தொடர்கள் பல திருமறையில் வேர் கொண்டவை. 1611-இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு ஆலயத்திலும் இல்லத்திலும் தலைமுறைதோறும் வாசிக்கப்பட்டமையால், அதன் சொற்கள் மக்கள் பேச்சோடு கலந்தன. ‘தி ரைட்டிங் ஆன் தி வால்’ என்பது சுவர் விளம்பரம் அன்று. பெல்சாட்சர் மன்னனின் விருந்தில் சுவரில் தோன்றிய எழுத்து (தானியேல் 5). வரவிருக்கும் கேட்டின் அறிகுறி என்பது அதன் பொருள். ‘எ டிராப் இன் தி பக்கெட்’ எசாயா நூலின் 40-ஆம் அதிகாரத்தைச் சார்ந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நாம் சொல்வதற்கு ஒப்பானது. பொறுப்பைத் தட்டிக் கழிப்பவனை நாம் ‘கைகழுவி விட்டான்’ என்கிறோம். ஆங்கிலேயரும் பிலாத்துவை நினைந்து அவ்வாறே சொல்கின்றனர்.

திருமறை சாராத தொடர்களும் உண்டு. ‘தி டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்’ என்பது கடலில் மிதக்கும் பனிமலையின் முகடு. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும். நம் சிறுவர் பனிமலையைக் கண்டதில்லை. ஆயினும் பண்ணவாடியை அறிவர். 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையின் நீர் வற்றும் காலங்களில், அங்கே மூழ்கிய பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டுகிறதன்றோ? கோபுர நுனியை மட்டும் பார்ப்பவன், அடியில் ஓர் ஆலயமும் ஊரும் கிடப்பதை அறியான். வெளியே தெரிவது சிறிது, மறைந்திருப்பது பெரிது என்பதை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய ஆங்கிலேயரான பேர்சிவல் பாதிரியார், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில விளக்கத்துடன் 1874-இல் வெளியிட்டார். அயல்மொழியாளர் ஒருவர் நம் பழமொழிகளைப் பயில அத்துணை உழைத்தாரெனில், நாம் அவற்றை வீட்டில் வழங்காது விடுவது முறையாகுமோ?

ஆகவே, பெற்றோரே, நாள்தோறும் இரவுச் செபம் முடிந்தபின் பிள்ளையிடம் ஒரு தொடரைக் கேளுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்க விடாதீர்கள். “இதில் என்ன காட்சி இருக்கிறது? நம் ஊரில் இதை எப்படிச் சொல்வோம்?” என வினவுங்கள். ஆங்கிலம் பிள்ளை சொல்லட்டும். பழமொழியை நீங்கள் சொல்லுங்கள். அறியாதவர் என்று கூனி நிற்க வேண்டா. பதினோராம் மணிக்கு வந்தவர்க்கும் தோட்டத்தில் வேலை இருந்தது.