நீதிபதியும் வோட்டும்

வோட்டுக் கேட்டு வீடு வீடாய் ஏறி இறங்கிய ஒருவர் நீதிபதியின் ஆசனத்தில் அமரலாமா? அமர்ந்து எழுந்தவர் மீண்டும் தேர்தலில் நிற்கலாமா? வில்லியனூரிலும் பாகூரிலும் அரசியல் பேசும் நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் நீதிபதிகளே ஜனங்களின் வோட்டால் பதவி பெறுகின்றனர். நமது தேசத்தில் அவ்வழக்கம் இல்லை. எனினும் இவ்விரு துறைகளிலும் நின்று காட்டியவர் ஸ்ரீ வி. ஆர். கிருஷ்ணய்யர்.

நமது மாஹேக்கு அண்மையிலுள்ள தலைச்சேரியில் அவர் வக்கீல். 1952-ல் கூத்துப்பரம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். 1957-ல் தலைச்சேரியில் வென்று, ஸ்ரீ நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்டு மந்திரிசபையில் சட்ட மந்திரியானார். 1965 தேர்தலில் தோற்றார். 1968-ல் கேரள ஹைகோர்ட்டிலும், 1973-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் ஜட்ஜியானார். மந்திரியாயிருந்தவர் நடுநிலை வகிப்பாரா என்று அன்று ஆட்சேபித்த வக்கீல்களும் உண்டு.

அதற்கு விடை 1975 ஜூன் 24-ந் தேதி கிடைத்தது. ஸ்ரீமதி இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாதென்று அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பளித்திருந்தது. நிபந்தனையற்ற தடையுத்தரவு வேண்டினார் பிரதம மந்திரி. தனியே அமர்ந்து விசாரித்த கிருஷ்ணய்யர் அதை அளிக்கவில்லை. பதவியில் நீடிக்கலாம், லோக்சபையில் வோட்டளிக்கவோ, அங்கத்தினருக்குரிய சம்பளம் பெறவோ கூடாது என்றார். மறுநாள் இரவே அவசர நிலைமை பிரகடனமாயிற்று.

1980-ல் ஓய்வு பெற்றார். ஏழு வருஷங்கள் கழித்து, 1987-ல், எதிர்க்கட்சிகளின் அபேட்சகராக ராஷ்டிரபதி தேர்தலில் நின்றார். ஸ்ரீ ஆர். வெங்கட்டராமனுக்குக் கிடைத்த வோட்டு மதிப்பு 7,40,148, இவருக்கு 2,81,550.

இதனுடன் 1967-ஐ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிரதம நீதிபதி ஸ்ரீ கோகா சுப்பாராவ் பிப்ரவரியில் கோலக்நாத் வழக்கில் சர்க்காருக்குப் பாதகமாய்த் தீர்ப்பளித்தார். ஏப்ரலில் ராஜினாமாச் செய்து, சர்க்கார் கட்சியின் ஸ்ரீ ஜாகீர் ஹுசேனை எதிர்த்து நின்று தோற்றார். தீர்ப்பின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஐயுறுவோரின் வாயை அடைக்கவும் வழியில்லாமற் போயிற்று. சட்டம் தடுக்கவில்லை என்பது போதிய சமாதானமாகாது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது: அரசியல்வாதி நீதிபதியாவதில் குற்றமில்லை, நீதிபதி பின்னர் வோட்டுக் கேட்பதிலும் குற்றமில்லை. நீதியாசனம் ஏணியாகிவிடக் கூடாது. நடுவே சில வருஷங்கள் ஓடியிருக்க வேண்டும். தேர்தலில் நிற்பவராவது தோற்கத் துணிந்து ஜனங்களின் முன் வருகிறார். ஓய்வு பெற்ற கையோடு சர்க்கார் நியமனம் பெறுவோருக்கு அச்சோதனையும் இல்லை. இவ்விதி அவர்களுக்கு இன்னும் கண்டிப்பாய்ப் பொருந்தும்.

1987-ல் வில்லியனூர், பாகூர்ச் சட்டசபை அங்கத்தினர்களுக்கு ராஷ்டிரபதி தேர்தலில் வோட்டில்லை. 1992-ன் எழுபதாவது அரசியல் சட்டத் திருத்தமே புதுவைக்கு அவ்வுரிமையை அளித்தது. இனி ஒரு நீதிபதி அபேட்சகராய் வந்தால், "ஆசனத்தை விட்டு எத்தனை வருஷமாயிற்று? அங்கே இருந்தபோது யாருக்கு அஞ்சாமல் எழுதினீர்?" என்று நம் பிரதிநிதிகள் கேட்கட்டும். அவர்கள் கேட்கிறார்களா என்று பார்ப்பது நம் கடமை.