பூனைக்கும் நீர்க்கடுப்பு வரும்!

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள். முகையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் கறுப்பன் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தான். கறுப்பன் என்பது எங்கள் கடுவன் பூனை. நாலு வயது, கொழுகொழு உடம்பு. முக்குகிறான், தீனமாகக் கத்துகிறான், பின்பக்கத்தை நக்குகிறான், மறுபடி வேறு இடத்தில் பள்ளம் பறிக்கிறான்.

“மலச்சிக்கலா இருக்கும். ரெண்டு சொட்டு வெளக்கெண்ண ஊத்தி உடு, சரியாப் பூடும்” என்றார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊற்றினேன். மறுநாள் சாப்பாட்டைத் தொடவில்லை. நுரை நுரையாக வாந்தி. பிற்பகலில் என் பெண் ஓடி வந்து, “அம்மா, கறுப்பன் அரிசி மூட்டைக்குப் பின்னால பூந்துகிட்டான். கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்” என்று அழுதபோதுதான் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

மூங்கில் கூடையில் வைத்து, மேலே துணியைக் கட்டி, விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் அடிவயிற்றைத் தொட்டதுமே சொல்லிவிட்டார். “இது மலச்சிக்கல் இல்லம்மா. மூத்திரம் அடைச்சுக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா பொழைக்கிறது கஷ்டம்.” மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். கறுப்பன் பிழைத்தான்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கும்?” பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிற எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை!

ஏன் இப்படி ஆகிறது?

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. அதற்குத் தேவையான தண்ணீரில் பெரும்பகுதி இரையிலிருந்தே கிடைத்துவிடும். ஒரு எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால் பூனை இனத்துக்கே தாக உணர்ச்சி கொஞ்சம் மந்தம். நாயைப் போல் மடமடவென்று குடிக்காது.

அப்படிப்பட்ட பிராணிக்கு நாம் கருவாடும் கடையில் வாங்கிய பிஸ்கட் தீவனமும் மட்டுமே போட்டால் என்ன ஆகும்? சிறுநீர் குறைந்து, கெட்டிப்பட்டுவிடுகிறது. அதில் உள்ள தாது உப்புகள் மணல் மணலாகத் திரள்கின்றன. சிறுநீர்ப்பை புண்ணாகி எரிகிறது. பெட்டைப் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அகலம். பெரும்பாலும் மணல் வெளியேறிவிடும். கடுவனுக்குக் குழாய் மிகக் குறுகல். துளி மணலும் சளியும் சேர்ந்தால் போதும், அடைத்துக்கொண்டுவிடும். உடம்புக் குப்பை வெளியேறாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்தையே நிறுத்திவிடும். இது ஒன்றிரண்டு நாளில் நடந்துவிடக்கூடியது.

இன்னொன்றும் உண்டு. கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் சிறுநீர்ப்பை வீங்கும். இளம் வயதுப் பூனைகளுக்கு இதுதான் அதிகம். மனக்கலக்கம் இதைத் தூண்டும் என்கிறார்கள். புதுப் பூனை வருவது, விருந்தாளிகள் கூட்டம், ஏன், பிரசவமாகி நீங்கள் கைக்குழந்தையோடு வீடு திரும்புவதும்கூட அதற்குக் கலக்கம்தான்!

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி. நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். வேகவைத்த மீனோ கோழியோ 100 கிராம் தின்றால், அதிலேயே 65, 70 மில்லி தண்ணீர் போய்ச் சேரும். உலர்ந்த தீவனம் 60 கிராம் தின்றால் கிடைப்பது ஐந்தாறு மில்லிதான். மீதி அத்தனையையும் அது குடித்தாக வேண்டும். குடிக்குமா? அதனால் தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்தே உள்ளே அனுப்புவதுதான் சுலபமான வழி.

நான் கடைப்பிடிக்கும் முறைகள்

சங்கராவோ மத்தியோ, எந்த மீன் கிடைக்கிறதோ அதை உப்பு, மிளகாய், மஞ்சள் எதுவும் போடாமல் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேகவைப்பேன். முள்ளை நீக்கிப் பிசைந்து, வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கஞ்சி பதத்தில் வைப்பேன். வாரத்தில் நாலைந்து நாள் இதேபோல் கோழி. அதில் கோழியின் இதயத்தையும் சேர்த்துக்கொள்வேன்.

முதலிலேயே தண்ணீராகக் கொடுத்தால் முகம் திருப்பிக்கொள்ளும். முதல் நாள் ஒரு ஸ்பூன், அடுத்த வாரம் இரண்டு ஸ்பூன் என்று பழக்குங்கள். பிஸ்கட் தீவனத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். ஊறியது மீந்தால் வெயில் காலத்தில் அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

தண்ணீர்ப் பாத்திரம் வாயகன்றதாக இருக்கட்டும். நான் மண்சட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் சில்லென்று இருக்கும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும், அது ஒதுங்கும் மணலுக்குப் பக்கத்திலும் வைத்தால் பல பூனைகள் குடிக்காது. திண்ணையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, கொல்லையில் நிழலில் ஒன்று என்று தள்ளித் தள்ளி வையுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் கழுவி மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையெல்லாம் சொதசொத என்று இருக்கும்போது பூனை வெளியே போகாமல் அடக்கிக்கொள்ளும். அதுவும் கெடுதல். தாழ்வாரத்தில் ஒரு தட்டில் உலர்ந்த மணல் போட்டு வையுங்கள். தினமும் சுத்தம் செய்யுங்கள். ஆனால் கர்ப்பிணிகள் அந்த மணலைத் தொடவேண்டாம். பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். அந்த வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

கருவாடு, ஊறுகாய் தொட்ட சோறு, மசாலாக் குழம்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களையே அழிக்கும். பால் தண்ணீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும்.

“நாங்க சைவம், தயிர்சாதம்தான் போடுவோம்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாரின் என்ற சத்து பூனைக்கு இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமாகிறது என்று 1987-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். கண் பார்வையும் போகும். சமைக்க மனமில்லாவிட்டால், பூனைகளுக்கென்றே தயாரித்த ஈரத் தீவனம் பாக்கெட்டில் கிடைக்கிறது.

வலிக்கிறதே என்று நமக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நான் செய்ததுபோல் வாயில் எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்து, நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்குமே என்பீர்கள். பூனைக்கு வரும் கல் ஒரே வகையல்ல. ஸ்ட்ருவைட் என்ற வகை, டாக்டர் எழுதிக்கொடுக்கும் தனித் தீவனத்தில் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் கரையவே கரையாது, ஆபரேஷன்தான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981 முதல் இந்தக் கற்களைச் சேகரித்துப் பரிசோதிக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்தவை பெரும்பாலும் ஸ்ட்ருவைட். அதைத் தடுக்கத் தீவனத்தில் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீர் புளிப்பாகும்படி செய்தார்கள். ஸ்ட்ருவைட் குறைந்தது, 1990-களில் ஆக்ஸலேட் பெருகிவிட்டது! ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வினை. பரிசோதிக்காமல் நாமாக வைத்தியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான். சிறுநீர் நீர்த்துப் போவது மட்டும் இரண்டு வகைக்குமே நல்லது.

எப்போது ஓட வேண்டும்?

அடிக்கடி உட்காருவது, முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்து போவது, வழக்கமில்லாமல் பாயிலும் மூலையிலும் போவது, ஓயாமல் நக்குவது — இவை அடையாளங்கள். பெட்டையானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கடுவன் பூனை முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த நேரத்தில் தண்ணீரைப் புகட்டவும் வேண்டாம். அடைத்த பையில் மேலும் நிரப்புவதாகும். அடிவயிற்றை அழுத்தாதீர்கள். கூடையில் வைத்துக் கிளம்புங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் முடியாதென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவ நிலையம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒரு தடவை அடைத்த பூனைக்கு மறுபடியும் அடைக்கலாம். அதனால் இப்போது தினமும் மணலைக் கிளறி, எத்தனை ஈரக் கட்டி என்று எண்ணுகிறேன். இரண்டு முதல் நாலு இருந்தால் நிம்மதி. “புள்ளைங்க மூத்திரத்தக்கூட நீ இப்டி எண்ணலியேம்மா!” என்று மாமியார் கேலி செய்கிறார். ஆனால் நான் ஊருக்குப் போயிருக்கும் நாளில், மண்சட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றி வைப்பது அவர்தான்.