எந்த ஹெட்போன் இதமானது?

பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே!

காதை முழுவதும் மூடும் ரகம் வெளிச் சத்தத்தைக் குறைக்கும். தம்பூராவின் சுருதி கூடத் தெளிவாகக் கேட்கும். ஆனால் காது வியர்க்கும், தோடு அழுந்தும்.

பின்புறம் திறந்த ரகத்தை 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி கொண்டு வந்தது. காற்றோட்டம் உண்டு, கச்சேரி எதிரே நடப்பது போலிருக்கும். மிக்ஸி ஓடினாலோ, போச்சு!

காதுக்குள் செருகுவது லேசானது. ரப்பர் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மறைந்துவிடும்.

சந்தடியில் பாட்டு அமுங்குகிறதென்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் 4 மணி நேரந்தான் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். சத்தத்தால் கெட்ட செவி திரும்ப வராதே!

ஆகவே, சந்தடியான வீட்டுக்கு மூடியது. அமைதியான இரவுக்குத் திறந்தது. எதுவானாலும், தோட்டோடு கால் மணி நேரம் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.