மன்னர் தந்த சின்னமும் அதில் நிற்கும் ரெண்டு பேரும்

இன்னைக்கு கனடாவோட கிழக்குக் கோடிக்குப் போறோம். நியூஃபவுண்ட்லேண்ட் அண்ட் லாப்ரடார் மாகாணம். அதோட கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது மரபுச் சின்னம்தான் விஷயம்.

இந்த மாதிரி சின்னங்கள்ல படத்தைவிட எழுத்துதான் முக்கியம். 'சிவப்புக் கேடயம், அதில் வெள்ளிச் சிலுவை' என்று வார்த்தைகளிலேயே விவரித்து வைத்திருப்பார்கள். அதுக்குப் பேரு பிளேசன். நம்ம பாஷையில சொன்னா பிளேசன்தான் சோர்ஸ் கோட், படம் வெறும் அவுட்புட். ஓவியர் சிங்கத்தை எந்த ஸ்டைல்ல வேணும்னாலும் வரையலாம். ஆனா புலியா மாத்த முடியாது.

1637-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், நியூஃபவுண்ட்லேண்ட் தீவை டேவிட் கிர்க் என்பவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் எழுதிக் கொடுத்தார். அதையொட்டி வந்ததுதான் இந்தச் சின்னம். இங்கிலாந்துக்கு ரெண்டு சிங்கம், ஸ்காட்லாந்துக்கு ரெண்டு யூனிகார்ன், உச்சியில ஒரு எல்க் மான். காமெடி என்னன்னா, அந்தத் தீவுல எல்க்கே கிடையாது. அங்க இருந்தது காரிபூ. லண்டன்ல உட்கார்ந்து எழுதினா வேற எப்படி இருக்கும்?

கேடயத்துக்கு ரெண்டு பக்கமும் வில்லோட நிற்பவர்கள் பியோதக் மக்கள், தீவின் பூர்வகுடிகள். பிளேசனில் அவர்களுக்குப் பெயர் இல்லை. 'காட்டுமிராண்டிகள்' என்றுதான் எழுதியிருந்தது.

அதுக்கப்புறம் இந்தச் சின்னத்தையே எல்லாரும் மறந்துட்டாங்க. கிட்டத்தட்ட 300 வருஷம்! 1920களில் கண்டுபிடித்து, 1928-ல் அதிகாரபூர்வமாக ஏற்றார்கள்.

இந்த இடைவெளியில என்ன நடந்துச்சுங்கிறதுதான் முக்கியம். கடற்கரை முழுக்க மீன்பிடிக் குடியேற்றங்கள் வந்தன. சால்மன், சீல், கடற்பறவைகள் என்று கரையை நம்பி வாழ்ந்த பியோதக் மக்கள் உள்நாட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். பசி, காசநோய், குடியேறியவர்களின் தாக்குதல். பதிவுகளில் உள்ள கடைசி பியோதக் பெண் ஷானாடிதித், 1829-ல் செயின்ட் ஜான்ஸ் நகரில் காசநோயால் இறந்தார். அதுக்கு முன்னாடி தன் மக்களோட வீடுகள், கருவிகள், வெள்ளைக்காரங்களோட நடந்த மோதல்கள் எல்லாத்தையும் படமா வரைஞ்சு வெச்சுட்டுப் போனாங்க. அந்தப் படங்கள் இன்னும் இருக்கு.

ஆக, சின்னம் திரும்பி வந்தப்போ, அதுல நிக்கிற மக்கள்ல கடைசியா அறியப்பட்டவங்க போயே 99 வருஷம் ஆகியிருந்தது. 1949-ல் கனடாவோட சேர்ந்தப்பவும் அதே சின்னம், அதே சொல்.

2024-லதான் சட்டத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துட்டு 'பியோதக்'னு எழுதினாங்க. ஒரு வார்த்தைதானேன்னு சிலருக்குத் தோணலாம். ஆனா இங்க மாறினது அவுட்புட் இல்ல, சோர்ஸ் கோட்.